கர்னல் லவெட் கடைசியாகச் சொன்னது

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்கப்பா" என்றாள் ஹெஸ்டர்.

கர்னல் ஆம்புரோஸ் லவெட் தூக்கவில்லை. அவளே இடது கையால் மோவாயைப் பிடித்துத் தூக்கி, சோப்பு நுரையின் மேல் கத்தியை இறக்கினாள். எண்பத்தாறு வயதுத் தோல் கத்திக்கு முன்னால் மடிந்து மடிந்து ஓடியது.

"மெர்வின் வந்துட்டானா?"

காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை.

"இன்னும் வரல. பேசாதீங்க, வெட்டிரும்."

வெந்நீர்ச் சட்டியோடு வாசலில் நின்ற டிலியா உள்ளே எட்டிப் பார்த்தாள். முப்பது வருஷமாக அந்த வீட்டில் சமைக்கிறவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என்ன மிஸ் ஹெஸ்டர், கர்னலுக்கு மாப்பிள்ளை அலங்காரமா?"

"அவன் வர்றப்போ இவர் முள்ளுத் தாடியோட கிடந்தா, நான் பாத்துக்கலன்னு நினைப்பான்."

"நினைக்கட்டுமே. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து ஆட்டுத்தொடையத் தின்னுட்டுப் போறவரு. நினைக்கவாவது செய்யட்டும்."

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல மாட்டாளா என்றுகூட இருந்தது.

பக்கவாதம் வந்து கர்னல் படுத்து ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமும் தூக்கி, துடைத்து, ஊட்டி, புரட்டிப் போட்டது ஹெஸ்டர். ஐம்பத்தேழு வயதில் அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தம்பி மெர்வின் டப்ளினில் கணிதப் பேராசிரியர். ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கில்கென்னியில் வீடு. அந்த இரண்டு மணி நேரம் அவனுக்குக் கிறிஸ்துமசுக்கும் ஆகஸ்டிலும்தான் கிடைத்தது. இந்தத் தடவை வியாழக்கிழமை வருகிறேன் என்று எழுதியிருந்தான். கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்ட ஆரம்பித்ததும் தந்தி கொடுத்தாள். இன்று செவ்வாய். மதிய ரயிலில் வருகிறான்.

முகத்தைத் துடைத்து, படுக்கையோரத்து மேசையில் கைமணியைக் கைக்கெட்டுகிற இடத்தில் சரிசெய்து வைத்தாள். கர்னலுக்கு எது வேண்டுமென்றாலும் அந்த மணிதான். இராத்திரி பகல் கிடையாது.

"மெர்வின்?" என்றார் கர்னல்.

"பத்து" என்றாள் ஹெஸ்டர், டிலியாவைப் பார்த்து.

லவெட் குடும்பத்து ஆண்களுக்கு வழி இரண்டுதான். பட்டாளம், இல்லாவிட்டால் படிப்பு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் படையோடு வந்து இந்த மண்ணைப் பிடித்த முதல் லவெட்டிலிருந்து அத்தனை பேரும் ஓர் ஏழடிக் கன்றுத்தோல் சுருளில் இருக்கிறார்கள். பட்டாளக்காரன் சிவப்பு மை. படித்தவன் கறுப்பு மை. சிவப்பில் பதினேழு பேர். திருச்சிராப்பள்ளியில் வாந்திபேதி கண்டு இருபத்திரண்டு வயதில் செத்த லெப்டினன்ட் உட்பட. அந்த ஊர்ப் பெயர் அவர்களில் ஒருவர் வாயிலும் ஒழுங்காக நுழைந்ததில்லை. கறுப்பில் பதினொரு பேர். கிரேக்க அகராதி எழுதத் தொடங்கி, பத்தாவது எழுத்தில் கண் தெரியாமல் போனவர் அதில் ஒருவர்.

பெண் பிள்ளைகளைப் பென்சிலில் எழுதுவார்கள். இன்னொரு வீட்டுச் சுருளுக்குப் போகிறவர்கள் என்பது கணக்கு. கல்யாணமானால் புருஷன் பெயரோடு சேர்த்து மை போடுவார்கள். ஆகாவிட்டால் பென்சில்தான். மூத்தவளாயிருந்தாலும் தம்பிக்குப் பின்னால்தான். சுருளின் அடியில் மெர்வின் கறுப்பு மையில் இருந்தான். அவனுக்கு வலப்பக்கம், மங்கலாக, ஹெஸ்டர்.

அந்த மெர்வினுக்குச் சமையலறை மேசையில் வைத்து வடிவியல் சொல்லிக் கொடுத்தது அவள். டப்ளின் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் முதலில் தேறியதும் அவள். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு. உள்நாட்டுப் போரில் நாடு பற்றி எரிந்த சமயம். ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும் என்றார் கர்னல். மெர்வினுக்கு அப்போது பதினைந்து வயது. அவன் வளரட்டும் என்று, அவளை அனுப்பாமல், படிப்புப் பணத்தை மூன்று வருஷம் அப்படியே போட்டு வைத்திருந்தார்கள்.

அதே வருஷம் டப்ளினில் ஆவணக் காப்பகமும் எரிந்து போனது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஊர் ஊராகத் தேவாலயங்களின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை அங்கேதான் அனுப்பி வைத்திருந்தார்கள். பத்திரப்படுத்தியதெல்லாம் சாம்பல். அனுப்பச் சோம்பல்பட்ட பாதிரிமார் வைத்திருந்தது மட்டும் மிச்சம். அதன் பிறகு லவெட் சுருளில் விட்டுப்போனதையெல்லாம் கல்லறைக் கல்லில்தான் தேட வேண்டியிருந்தது. தேடியது ஹெஸ்டர். சைக்கிளில் நாலு மாவட்டம் சுற்றினாள். பாசி பிடித்த கல்லில் ஈரப்புல்லைக் கசக்கித் தேய்த்தால் எழுத்து எழும்பும். அது அவள் கண்டுபிடித்த வித்தை. ராத்திரி சாப்பாட்டுக்கு விருந்தாளி வந்தால் கர்னல் சொல்வார்: "வாட்டர்ஃபோர்டுல எங்க கொள்ளுத் தாத்தாவோட தம்பிய நான் கண்டுபிடிச்சேன்." ஹெஸ்டர் உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்துவாள்.

மெர்வின் மூன்று மணிக்கு வாடகைக் காரில் வந்து இறங்கினான். நல்ல கம்பளிக் கோட்டு. கையில் திராட்சைப் பெட்டி.

"அய்யோ புரொபசர் அய்யா, இப்படி இளைச்சுட்டீங்களே!" என்று டிலியா ஓடினாள். காலையில் பேசிய வாய்தான் அது.

"இளைச்சுட்டானா? பட்டன் தெறிக்குது" என்றாள் ஹெஸ்டர்.

"நீ மாறவே இல்ல ஹெட்டி" என்று அவள் கன்னத்தில் முத்தமிட்டான் மெர்வின். "எப்படி இருக்கார்?"

"மேல வந்து பாரு. உன்னைத்தான் கேட்டுட்டே இருக்கார்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவன் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாடியில் கர்னல் கண்ணைத் திறந்தார். கட்டிலருகில் நின்ற கோட்டுக்காரனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நிமிராத முதுகை நிமிர்த்தப் பார்த்தார். வராத கையை நீட்டப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஒன்பது வருஷத்தில் ஹெஸ்டர் பார்த்தறியாத சிரிப்பு.

"பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்றார், தெளிவாக.

"இருந்துச்சுப்பா."

"நல்லது, நல்லது. மழையிலயும் வந்திருக்கீங்க."

ஹெஸ்டரிடம் அவர் கேட்டதெல்லாம் மூத்திரச் சட்டி, தலையணை, கஞ்சி. சௌகரியமா என்று ஒரு நாள் கேட்டதில்லை. அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த திரையைத்தான்.

"ஹெட்டி, ஒரு டீ கிடைக்குமா? நான் அவரோட கொஞ்ச நேரம் தனியா இருக்கேன்."

தனியா. அந்த வார்த்தையை ஒவ்வொரு படியிலும் மிதித்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

கெட்டில் ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. ரொட்டியை எடுத்து மெல்லிசாக வெட்டினாள். இன்னும் மெல்லிசாக வெட்ட முடியுமா என்று பார்த்தாள். வெண்ணெய் தடவினாள். பிறகு அலமாரியிலிருந்து வெள்ளித் தேநீர்க் கூஜாவை இறக்கி, கறுத்துப்போயிருக்கிறது என்று துணியை எடுத்தாள்.

"தண்ணி கொதிக்குது" என்றாள் டிலியா.

"கொதிக்கட்டும்."

"வத்திரும்."

"வத்துனா மறுபடி ஊத்து. நாலு மணிக்கு அவருக்குத் துணி மாத்தணும். ஒரு தடவை அவன் மாத்தட்டும். புரொபசர் கையால ஒரு தடவை."

டிலியா அவளைப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கை உரிக்கப் போனாள்.

ஹெஸ்டர் கூஜாவைத் தேய்த்தாள். காது மட்டும் மாடியில் இருந்தது. மணி அடிக்கும் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் உடனே போகக் கூடாது, இரண்டாம் தடவை அடிக்கட்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தாள். மணி அடிக்கவே இல்லை. அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? நான் இல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது. மூடியைத் தேய்த்தாள். மூக்கைத் தேய்த்தாள். கூஜாவில் அவள் முகம் கோணலாகத் தெரிகிற வரைக்கும் தேய்த்தாள்.

நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். மெர்வின் சமையலறை வாசலில் வந்து நின்றான். கோட்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"ஹெட்டி. அப்பா போயிட்டார்."

டிலியா சிலுவை போட்டுக்கொண்டாள். ஹெஸ்டர் துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

எப்போது என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல."

"நாப்பது நிமிஷமா ஒண்ணும் சொல்லலயா?"

"ஒண்ணும் இல்ல ஹெட்டி. அமைதியா போனார்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பத்து வயதில் அவள் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, நானேதான் போட்டேன் என்று சொல்லும்போதும் தரையைத்தான் பார்ப்பான்.

டிலியாவும் அவளுமாக உடம்பைக் கழுவினார்கள். காலையில் சவரம் செய்தது வீண்போகவில்லை என்றாள் டிலியா. ஆன்மா வெளியே போக வேண்டும் என்று அவள் ஜன்னலைத் திறந்தாள். லவெட் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, ஆனாலும் ஹெஸ்டர் தடுக்கவில்லை. தலையணை தப்பான உயரத்தில் இருந்தது. இரண்டு தலையணைக்குக் கீழே மடித்த கம்பளி இருக்க வேண்டும். அது தரையில் கிடந்தது. கைமணி மேசையில் இல்லை. கணப்பின் மேல்பலகையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஹெஸ்டர் அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவர் முழங்கைக்குச் சோப்புப் போட்டாள்.

மறுநாள் முழுக்க ஆட்கள் வந்தார்கள். ஷெர்ரி ஒயின், பன்றித்தொடைக் கறி, கிறிஸ்துமசுக்கென்று எடுத்து வைத்திருந்த பழக்கேக். ஹெஸ்டர் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு அறைக்கும் அறைக்கும் நடந்தாள். கணப்பின் முன்னால் மெர்வின் நின்றான். எல்லோரும் அவன் கையைத்தான் குலுக்கினார்கள்.

"உனக்காகத்தான் உயிரைப் பிடிச்சுட்டு இருந்திருக்கார், மெர்வின்" என்றார் பாதிரியார் ஸ்டாப்ஃபர்ட். "மகன் கையைப் பிடிச்சுட்டே போறது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"ஆமா சார்" என்றான் மெர்வின்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

மெர்வின் கோப்பைக்குள் பார்த்தான். "அதை... எனக்குள்ளயே வச்சுக்கிறேன் சார்."

பாதிரியார் அவன் தோளில் தட்டினார். ஹெஸ்டர் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். ஆக, சொல்லியிருக்கிறார். ஏதோ இருக்கிறது. ஒன்பது வருஷம் எச்சிலும் மலமும் அவளுக்கு. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவனுக்கு.

"கறக்கிறவ ஒருத்தி, குடிக்கிறவன் ஒருத்தன்" என்றாள் டிலியா, கோப்பைகளை வாங்கிக்கொண்டு. அவளுக்குக் காது கூர்மை.

"வாய மூடு டிலியா."

"மூடிட்டேன். நீங்க ஏன் மூடிட்டு இருக்கீங்க? கேளுங்க அவர."

வியாழக்கிழமை காலை சவ அடக்கம். பெட்டி கூடத்தில் இரண்டு நாற்காலி மேல் இருந்தது. தூக்குகிற ஆறு பேரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். வெளியே தூறல்.

லவெட் வீட்டில் சாவை முதலில் சுருளில் எழுதிவிட்டுத்தான் பெட்டி வாசல் தாண்டும். மூத்த மகன் எழுத வேண்டும். எழுதிய மை காய்கிற வரைக்கும் பெட்டியை யாரும் தொடக் கூடாது. அதனால் சாப்பாட்டு அறையில் சுருளை விரித்து, நாலு மூலைக்கும் நாலு மெழுகுவர்த்தித் தண்டை வைத்து, ஹெஸ்டர் சிவப்பு மையைத் திறந்து கொடுத்தாள்.

மெர்வின் குனிந்து, ஆம்புரோஸ் லவெட் என்ற பெயருக்குக் கீழே தேதியை எழுதினான். 17 அக்டோபர் 1961. அழகான கையெழுத்து. அந்தக் கையெழுத்தையும் பழக்கிவிட்டவள் அவள்தான். எழுதிவிட்டு நிமிர்ந்து, கதவைச் சாத்தினான். மை காயக் காத்திருப்பது குடும்பத்தார் மட்டும்தான்.

ஈர நாளில் தோலின் மேல் மை லேசில் காயாது. இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சிவப்பு பளபளத்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னார்?" என்றாள் ஹெஸ்டர்.

"ஹெட்டி, இப்ப வேண்டாம்."

"ஸ்டாப்ஃபர்ட் கிட்ட ஒளிச்சு வைக்கத் தெரியுது. எங்கிட்டயும் ஒளிக்கிறியா? படிப்பை எடுத்துக்கிட்ட. நான் எதாவது கேட்டேனா? வீடும் உன் பேருல. கேட்டேனா? இந்த ஒண்ண மட்டும்தான் கேக்கறேன்."

"நான் எடுத்துக்கல. குடுத்தாங்க."

"எல்லாம் ஒண்ணுதான்."

மெர்வின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஐம்பத்துநாலு வயது உடம்பு அது. உட்கார்ந்ததும் தோள் சரிந்தது.

"என்னை யாருன்னு கேட்டார்" என்றான்.

ஹெஸ்டர் புரியாமல் பார்த்தாள்.

"புது டாக்டரான்னு கேட்டார். நீங்க, வாங்கன்னு பேசுனாரே, நீ கவனிக்கலயா? நான் மெர்வின்ப்பான்னு சொன்னேன். அதுக்கு அவர் சிரிச்சார். 'மெர்வின் வியாழக்கிழமைதான் வருவான். என் மக கடிதத்தப் படிச்சுக் காட்டுனா'ன்னார்."

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் உன்னைக் கேட்டார். 'அவ எங்க? அவளக் கூப்பிடுங்க. உங்களுக்குத் தலையணை வைக்கத் தெரியல.' நான் சரி பண்ணிப் பாத்தேன். கீழ தள்ளிவிட்டார். மறுபடியும், 'அவ எங்க?' நாப்பது நிமிஷமும் இதேதான் ஹெட்டி. வேற ஒரு பேச்சு இல்ல. மணியை எடுக்கக் கை நீட்டினார்." அவன் நிறுத்தினான். "நான் எடுத்துத் தள்ளி வச்சுட்டேன்."

"ஏன்?"

"அஞ்சு நிமிஷம் போகட்டும், என்னைத் தெரிஞ்சுக்குவார்னு நினைச்சேன். உன்னைக் கூப்பிட்டா அவ்வளவுதான், உன் பக்கமே திரும்பிப் படுத்துக்குவார். எப்பவும் அப்படித்தான். நான் வந்தா நாலு பேர் முன்னாடி என் புஸ்தகத்தப் பத்திப் பேசுவார். உள்ள போனா, 'ஹெஸ்டர் இத எங்க வச்சா, ஹெஸ்டர் கிட்ட கேளு.' அம்பது வருஷமா இதான். ஒரு தடவை, அஞ்சே அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள மூச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடைசியா சொன்னது உன் பேரு. முழுசாக் கூட வரல."

ஹெஸ்டருக்குள் முதலில் வந்தது அழுகை இல்லை. சந்தோஷம்தான். சின்ன வயதில் தம்பியின் பங்கு மிட்டாயும் தன் கைக்கு வந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி சந்தோஷம். என்னைத்தான் கேட்டிருக்கிறார். நாற்பது நிமிஷமும் என்னை. அதை அவள் உள்ளே மூடிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகுதான் வெள்ளிக் கூஜா ஞாபகம் வந்தது.



"தண்ணி அப்பவே கொதிச்சிருச்சு மெர்வின்" என்றாள்.

"என்ன?"

"நீ வந்து அஞ்சு நிமிஷத்துலயே. டீ போட்டு மேல கொண்டு வந்திருக்கலாம். நான் வேணும்னுதான் உக்காந்திருந்தேன்."

மெர்வின் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் பார்வையைச் சுருளுக்குத் திருப்பி, ஈரத்தில் படாமல் விரலை மையின் ஓரத்துக்குக் கொண்டுபோனான்.

"காஞ்சிருச்சா?" என்று கதவுக்கு வெளியே பாதிரியாரின் குரல் கேட்டது.

"இன்னும் இல்ல" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

காய்ந்ததும் ஹெஸ்டர் சுருட்டினாள். அவன் கதவைத் திறந்தான். ஆறு பேரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள்.

கோயிலுக்கு அரை மைல். ஊர்க் கத்தோலிக்கர்களில் பாதிப் பேராவது வந்திருந்தார்கள். லவெட் குடும்பம் புராட்டஸ்டண்ட்; அந்தக் கோயிலுக்குள் நுழையக் கத்தோலிக்கர்களை அவர்கள் சபை விடாது. சுற்றுச்சுவருக்கு வெளியே, ஈரப் புல்லில், தொப்பியைக் கழற்றி வரிசையாக நின்றார்கள். டிலியாவும் அங்கேதான். காலையிலிருந்து கறி வெட்டிய கையில் ஜெபமாலை. ஹெஸ்டர் கடந்து போகும்போது, "கேட்டீங்களா?" என்றாள், உதட்டை அசைக்காமல்.

"கேட்டேன்."

"சொன்னாரா?"

"சொன்னான்."

டிலியா அவள் முகத்தைப் பார்த்தாள். ஜெபமாலையில் அடுத்த மணியைத் தள்ளினாள்.

உள்ளே முன் பெஞ்சில் மெர்வின் ஓரத்து இடத்தை அவளுக்கு விட்டு நகர்ந்தான். வீட்டுத் தலைவன் உட்காருகிற இடம் அது. அவள் அதில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காருகிற இடைவெளி இருந்தது. யாரும் அதை அடைக்கவில்லை.

ஆர்கன் ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஹெஸ்டர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பக்கத்தில் மெர்வின் ஒரு பாக்கெட்டைத் தடவினான், மறு பாக்கெட்டைத் தடவினான். புத்தகம் கொண்டு வரவில்லை. பின்னால் ஐம்பது பேர் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் வாயைத் திறந்து, மூடினான்.

ஹெஸ்டர் பாடிக்கொண்டே தன் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். முழுசாக இல்லை. அவன் ஓரடி நகர்ந்து, கொஞ்சம் குனிந்தால் தெரிகிற அளவுக்கு.

அவன் நகர்ந்து குனிந்தான்.